பத்தியக்காரரும் பயணம் போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒவ்வோர் ஆடி மாதமும் கதிர்காமத்துக்கு ஒரு வான் புறப்படும். நான் அதில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. "அக்காவுக்கு வழியில் சாப்பாடு பார்ப்பது கஷ்டம், வீட்டிலேயே ஆறுதலாக இருக்கட்டும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அதில் அன்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வான் திருப்பத்தில் மறைந்த பிறகு படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே வருவது எளிதாக இருந்ததில்லை. என்னைப்போல் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டினால் வீட்டோடு இருந்துவிட்டவர்கள் இந்நகரில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகவும், சாப்பாட்டுக் கடை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு இப்போது வயது 66. அரச திணைக்களமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். 2015இல் ஓயாத களைப்பு வந்தது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் உடம்பில் இரும்புச்சத்து ஏறவில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, பின்னர் வாய் வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்த மருத்துவர், இது சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை என் உடம்பு பகையாக எண்ணித் தன் குடலின் உட்சுவரையே சிதைத்துக்கொள்கிறது. இதற்கு வேறு மருந்து இல்லை. அந்தத் தானியங்களை ஆயுள் முழுவதும் விட வேண்டும், அவ்வளவுதான்.

ஒல்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமீது முன்பே ஐயம் இருந்ததாம். 1944, 45 பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் பாண் கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. மருத்துவர் இதை எனக்கு விளக்கியபோது, நாற்பது ஆண்டுகளாகக் காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு அலுவலகம் போனதை நினைத்துக்கொண்டேன்.

பாலையும் நெய்யையும் நானாகவே விட்டேன். நாங்கள் பரம்பரைச் சைவம். ஊரில் சின்னம்மா வீட்டுத் தொழுவத்தில் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள்தான் நான். 2018இல் ஊருக்குப் போனபோது அதே காட்சியை மறுபடி கண்டேன். கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற விதம் மனதைவிட்டு அகலவில்லை. அன்றிலிருந்து தேங்காய்ப்பால்தான். இப்படி உண்பவர்களுக்கு வீகன் என்று இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சன் பெயர் வைத்ததும் அதே 1944இல்தான். தமிழில் இதை நனிசைவம் என்கிறார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்தால் வெளியே எதைத்தான் சாப்பிடுவது என்று கேட்பார்கள். நம் நாட்டில் இதற்கு விடை மிக எளிது. அரிசி, உளுந்து, குரக்கன், தினை, சோளம், மரவள்ளி, பலாக்காய், தேங்காய், பனங்கிழங்கில் வரும் ஒடியல், கித்துள் கருப்பட்டி ஆகிய எதிலும் குளூட்டன் இல்லை, பாலும் இல்லை. சிவப்பரிசி மா இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, வல்லாரைச் சம்பல், பருப்புக் கறி என்று நம் முன்னோர் உண்ட சாப்பாடு முழுவதும் எனக்கு ஏற்றதுதான். தொல்லை தருவது அதற்குள் ஒளிந்து வருவது. தோசைக்கும் புட்டுக்கும் கோதுமை மா சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பம் மெதுவாக வர வேண்டுமென்று அதையே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் விற்கும் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கிறது. அதனால் சாம்பாரும் ரசமும் சந்தேகத்துக்குரியவை. சோயா சோஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. வீட்டுக்கு வருபவர்களுக்கு உபசாரமாகக் கரைத்துக் கொடுக்கும் மோல்ட் பானம் பார்லியில் செய்வது. சிங்களச் சாப்பாட்டில் மரக்கறிக்கும் சம்பலுக்கும் மாசித்தூள், அதாவது காய்ந்த மீன் தூள், விழுகிறது. அதைப் போடுபவர்கள் மீனாக நினைப்பதில்லை, சுவைக்குப் போடும் ஒரு பொருளாகவே நினைக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு நகரமொன்றில் ஒரு சைவக் கடையில் தோசை கேட்டேன். கோதுமை மா கலந்திருக்கிறதா என்று இரண்டு முறை விசாரித்தேன். "இல்லை அம்மா, சுத்தமான அரிசியும் உளுந்தும்" என்றார்கள். சாப்பிட்டேன். அன்று இரவும் மறுநாளும் விடுதி அறையைவிட்டு அசைய முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் வெயில் ஏறுவதையும் இறங்குவதையும் படுக்கையில் கிடந்தபடி பார்த்தேன். புறப்படும் நாளில் தம்பி போய்க் கேட்டபோது, "ஒரு கைப்பிடிதான், அது ஒன்றும் செய்யாது" என்று விடை வந்தது. பன்னாட்டு உணவுத் தரத்தின்படி குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவைச் சொல்ல வேண்டுமானால், அதன் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு கைப்பிடி கோதுமை மா எனக்கு எவ்வளவு பெரிய அளவு என்பதை இதிலிருந்து அறியலாம். கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கலந்தது என்று சொல்லியிருந்தால் வாழைப்பழமும் வெறுந்தேநீரும் குடித்துவிட்டு மலை ஏறியிருப்பேன்.

அதன் பிறகு வீட்டுக்குள் ஒடுங்கிய என்னை வெளியே இழுத்தவள் தம்பியின் மகள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறாள். "மாமி, தூரப் பயணம் பிறகு பார்ப்போம். முதலில் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்துக்கு வாருங்கள்" என்று ஒரு ஞாயிறு விடியற்காலையில் கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். 2018இல் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். நாற்பது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் தாழைக்கோழி தண்ணீர்த் தாவரங்களின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடப்பதை அன்றுதான் பார்த்தேன். இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் வாழ்கிறது. அது இரவில் உலாவுவது, எங்கள் கண்ணில் படவில்லை. பலகைப் பாதை ஓரமாக உட்கார்ந்து, கொண்டு போன அவித்த மரவள்ளிக் கிழங்கையும் தேங்காய்ச் சொட்டையும் தின்றோம். எனக்கு அழுகை வந்தது. வெளியே உட்கார்ந்து பயமில்லாமல் சாப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

பிறகு பெப்ரவரியில் மிகிந்தலைக்குப் போனோம். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் அநுராதபுரம், அங்கிருந்து பஸ்ஸில் கிழக்கே பதின்மூன்று கிலோமீற்றர் அளவில். முதல்நாள் இரவே சமைத்துக் கட்டிக்கொண்டேன். கழுவிக் காயவைத்து இடித்த சிவப்பரிசி மாவில் இடியப்பம், மாசி போடாத சம்பல், பெருங்காயமில்லாத புளிச்சோறு, எல்லாம் வாட்டிய வாழையிலையில். தனிப் பையில் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் பனங்கட்டி போட்ட எள்ளுருண்டையும். பயணத்துக்குப் புழுக்கொடியலைப்போல் ஒரு சாப்பாடு கிடையாது. கெடாது, நசுங்காது, ஒரு துண்டை வாயில் போட்டால் இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை மெல்லலாம். பொல்கஹவெலவில் மலைநாட்டுப் பாதை பிரிகிறது. குருநாகல் வரை தென்னந்தோப்பு. மாகோ தாண்டியதும் நிலம் காய்ந்து விரிகிறது, குளங்களும் வயல்களுமாக. வடைக்காரர் வந்தபோது இறால் வடை பொரித்த அதே எண்ணெயா என்று கேட்டேன். ஆமாம் என்று நேர்மையாகச் சொன்னார். அவரிடம் அவித்த நிலக்கடலை வாங்கினேன்.

நாங்கள் தங்கியது ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டு அறையில். என் சிங்களம் அலுவலகச் சிங்களம், சமையலறைக்குப் போதாது. ஆகவே "உம்பலகட எப்பா, பான் பிட்டி எப்பா, கிரி எப்பா" என்று மனப்பாடம் செய்திருந்தேன். மாசி வேண்டாம், கோதுமை மா வேண்டாம், பால் வேண்டாம் என்பது பொருள். இதில் ஒரு தவறு இருந்ததை இரவுச் சாப்பாட்டில் அறிந்தேன். தேங்காய்ப்பாலும் அவர்களுக்குக் கிரிதான். அந்த அம்மா பாவம், எல்லா மரக்கறியையும் வெறும் தண்ணீரில் அவித்து வைத்திருந்தார். என் மருமகள், தம்பியின் மகள், "எலகிரி", அதாவது மாட்டுப்பால்தான் வேண்டாம் என்று விளக்கினாள். அவருடைய முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன். மறுநாள் விடியுமுன் பாற்சோறு மணம் வந்தது. பச்சையரிசி, தேங்காய்ப்பால், உப்பு, வேறொன்றுமில்லை. தொட்டுக்கொள்ளும் லுணுமிரிஸில் வழக்கமாக மாசி இடிப்பார்கள். அவர் அம்மியைக் கழுவி, எனக்கென்று வெங்காயமும் மிளகாயும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் தனியாக அரைத்தார். "அக்கே, பலன்ன" என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போய் அம்மியைக் காட்டினார். என்ன போட்டேன் என்று நீயே பார் என்பதுதான் அதன் கருத்து. இந்த நோய் கண்ட நாளிலிருந்து அந்நியர் ஒருவர் எனக்குச் செய்த பெரிய உதவியாக அதை நினைக்கிறேன்.

வெயில் ஏறுமுன் படி ஏறினோம். மிகிந்தலையின் படிகள் 1840 என்பது கணக்கு. இரு பக்கமும் ஈழத்தலரி மரங்கள், உதிர்ந்த பூக்கள் அகன்ற கற்படிகளில் கிடக்கின்றன. என் முழங்கால்கள் நின்று நின்றுதான் ஏறின, அவசரப்பட ஒருவருமில்லை. மான் வேட்டைக்கு வந்த தேவநம்பியதீச மன்னன் பௌத்த பிக்குவான மகிந்த தேரரைச் சந்தித்தது இம்மலையில் என்பது மரபு. உயிர்க்கொலையை வெறுத்துப் பாலையும் விட்ட எனக்கு, வேட்டை நின்றுபோன அந்த இடத்தில் நிற்கையில் நெஞ்சு நிறைந்தது. பாதி வழியில் பிக்குகளின் பழைய போசனசாலை இடிபாடு இருக்கிறது. அங்கே இரண்டு கல்தொட்டிகள், பெரியது சோற்றுக்கு, சிறியது கஞ்சிக்கு. அருகே கி.பி. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் நிறுத்திய கற்பலகைகள். விகாரை எப்படி நடக்க வேண்டும், பணியாட்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவற்றில் பொறித்திருக்கிறது. சோற்றுத் தொட்டிக்கும் எழுத்துக்கும் நடுவே நான் வெகுநேரம் நின்றேன்.

என் வேண்டுகோள் அங்கேதான் பிறந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதி நிறுத்தினார்கள். நான் கேட்பது ஓர் அட்டைத் துண்டில் நான்கு வரி. கோதுமை மா கலந்தது, பால் அல்லது நெய் சேர்ந்தது, மாசி சேர்ந்தது, பெருங்காயம் சேர்ந்தது என்று தோசைக்கும் அப்பத்துக்கும் இடியப்பத்துக்கும் எதிரே சைவக் கடைகளும் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளும் எழுதி வைக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும். தனிச் சமையல் வேண்டாம், சலுகை விலை வேண்டாம். கலந்ததைக் கலந்தது என்று சொன்னால் போதும். பரிமாறும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். கேள்வி கேட்கும் வாடிக்கையாளரை அவர்கள் வீண் பிடிவாதக்காரராக நினைத்துவிடுகிறார்கள். உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: "இன்றைக்கு ஒருநாள் சாப்பிட்டால் என்ன" என்று எங்களிடம் கேட்காதீர்கள். வானில் ஓர் இடமும், எங்கள் பொதியை வைக்க மடியளவு இடமும் தாருங்கள்.

அன்று மத்தியானம் மலையடிவாரத்தில் கலுதிய பொக்குண என்ற குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மரநிழலில் இருந்தோம். ஒரு மந்திக் கூட்டம் எங்களைப் பார்த்துக்கொண்டே கிளை மாறியது. அந்த அம்மா வலிந்து கட்டித் தந்த தாமரைக்கிழங்குக் கறியும் சோறும் இன்னும் சூடாக இருந்தன. வீதியோரத்தில் ஒரு மூதாட்டி அவித்த சோளம் விற்றார். இரண்டு வாங்கினோம், பிறகு மறுபடி இரண்டு.

அடுத்த போயா (பூரணை) விடுமுறைக்கு நாங்கள் மீண்டும் அங்கே போகிறோம். அந்த அம்மா புழுக்கொடியலை இதுவரை கண்டதில்லை என்றார். ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டேன். அதை எப்படிச் சாப்பிடுவது என்பதை மருமகள் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.