மான்டி நாயக்கர் காலத்து பேப்பருங்கள படிச்சு சொல்ல ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டர்பன்ல சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதறேன். எங்க குடும்பத்துல தமிழ் எழுத படிக்க தெரிஞ்ச கடைசி ஆளு நான்தான், எங்க ஆயா கிட்டயும் அப்புறம் சாயங்கால தமிழ் ஸ்கூல்லயும் கத்துக்கிட்டது. உங்க பேப்பர போன்லதான் படிக்கிறேன்.

போன வாரம் தென்னாப்பிரிக்கா தமிழருங்கள பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா தில்லையாடி வள்ளியம்மை ஜெயில்ல இருந்து காய்ச்சலோட வந்து 1914ல இறந்து போனாங்க, அதே வருஷம் காந்தியும் கப்பல் ஏறிட்டாரு, அதோட எங்க கதையே முடிஞ்ச மாதிரி நிறுத்திட்டீங்க. அதுக்கு அப்புறம் 32 வருஷம் கழிச்சு இதே டர்பன்ல ரெண்டாயிரம் பேர் வரைக்கும் ஜெயிலுக்கு போனாங்க ஐயா. அத முன்ன நின்னு நடத்தினவரு டாக்டர் மான்டி நாயக்கர், 1910ல டர்பன்லயே பிறந்தவரு, எடின்பரோல டாக்டருக்கு படிச்சிட்டு திரும்பி வந்து இங்கயே கிளினிக் வச்சவரு, 1945ல நேட்டால் இந்தியன் காங்கிரஸுக்கு, அதாவது இந்த மாகாணத்து இந்தியருங்க அரசியல் கட்சிக்கு, தலைவர் ஆனவரு. இப்ப டவுன்ல அவர் பேர்ல ரோடு இருக்கு. ஆனா பாதி பேரு இன்னும் பழைய பேர வச்சு பைன் ஸ்ட்ரீட்னுதான் சொல்றாங்க.

1946 ஜூன் 13ம் தேதி, இந்தியருங்க எங்க நிலம் வாங்கலாம் எங்க குடியிருக்கலாம்னு கோடு போட்ட அந்த சட்டத்த எதிர்த்து, அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேர்ற மூலைல முனிசிபாலிட்டி காலி நிலத்துல கூடாரம் போட்டு உக்காந்தாங்க. ராத்திரில வெள்ளக்கார பசங்க கூட்டமா வந்து அடிச்சு கூடாரத்த பிச்சு எறிவாங்க, மறுநாள் திரும்ப போடுவாங்க. நாயக்கருக்கு ஆறு மாசம் கடுங்காவல். எங்க ஆயா அப்ப மேகசின் பேரக்ஸ்ல இருந்தாங்க, கார்ப்பரேஷன் வேலைக்கார இந்தியருங்களுக்கு கொடுத்த குடியிருப்பு அது, தாத்தா கார்ப்பரேஷன்ல வேலை. ஆயா ஜெயிலுக்கு போகல, கைல குழந்தை இருந்துச்சு. போனவங்க பிள்ளைங்கள யார் வீட்டுல வச்சிருக்கு, எந்த வீட்டுல இருந்து எவ்வளவு அரிசி பருப்பு வந்துச்சு, யாரு சமைச்சாங்கன்னு ஒரு ஸ்கூல் நோட்டுல தமிழ்ல எழுதி வச்சாங்க.

அந்த நோட்டு எப்படி தப்பிச்சதுங்கறதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. நாயக்கருக்கு மீட்டிங் போகக்கூடாது, பேசக்கூடாதுன்னு கவர்மெண்ட் திரும்ப திரும்ப பேனிங் ஆர்டர் போட்டாங்க, 1956ல ராஜத்துரோகம்னு 156 பேர பிடிச்சாங்க இல்ல, அதுலயும் அவர் இருந்தாரு. 1962 சட்டத்துக்கு அப்புறம் பேன் பண்ணின ஆளுங்க பேசினத பேப்பர்ல போட்டாலே குத்தம். ஸ்பெஷல் பிராஞ்ச் போலீஸ் எப்ப வந்து கதவ தட்டுவான்னு தெரியாது, அதனால ஜனங்க அவங்களே எல்லாத்தையும் அடுப்புல போட்டாங்க. கடுதாசி, நோட்டீஸ், மீட்டிங் போட்டோ எல்லாம். எங்க ஆயா மட்டும் நோட்ட துணில சுத்தி சாமி ரூம்ல முருகர் படத்துக்கு பின்னாடி சொருகி வச்சாங்க. அப்புறம் பேரக்ஸ காலி பண்ண சொல்லி சாட்ஸ்வர்த்துக்கு லாரில ஏத்தினப்ப, பானை சட்டி கூட விட்டுட்டு வந்தாங்களாம், படத்த மட்டும் மடிலயே வச்சுக்கிட்டு வந்தாங்க. நாயக்கர் 1978ல இறந்தாரு, அது வரைக்கும் எங்க அம்மாவுக்கே அந்த நோட்டு இருக்கறது தெரியாது.

இப்ப எங்க ஏரியால கொஞ்சம் பேரு சேர்ந்து ஒரு வரலாற்று சங்கம் நடத்தறோம், பெருசா ஒண்ணும் இல்ல, கோயில் ஹால் பக்கத்துல ஒரு ரூம், ரெண்டு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர். நாயக்கர் காலத்து போராட்டத்துல இருந்த குடும்பங்க கிட்ட இருந்து கிடைக்கறத சேக்கறோம். யுனிவர்சிட்டில எல்லாம் இருக்கே, நீங்க எதுக்குன்னு சில பேர் கேக்கறாங்க. வெஸ்ட்வில்ல காந்தி லுத்துலி டாக்குமெண்டேஷன் சென்டர் இருக்கு, டெர்பி ஸ்ட்ரீட்ல 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கு, ரெண்டும் பெரிய வேலை செஞ்சிருக்காங்க, நான் கும்பிடறேன். ஆனா ஒரு தலைவருக்கு பின்னாடி அரிசி கொடுத்த வீடு எது, பிள்ளைய பாத்துக்கிட்ட கிழவி யாருங்கறது அந்தந்த வீட்டு டிரங்க் பெட்டிலதான் இருக்கு, அதுவும் பாதி தமிழ்ல இருக்கு. நாயக்கர் ஜெயிலுக்கு போக துணிஞ்சாருன்னா இவங்க எல்லாம் பின்னாடி நின்னதாலதானே.

சங்கத்துல எனக்கு ஒரு சண்டையும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். மாலை போட்ட போட்டோ மட்டும் போதும், நாயக்கர எதுத்தவங்க பேப்பரெல்லாம் எதுக்குன்னு சில பேரு நினைக்கறாங்க. எனக்கு சம்மதம் இல்ல. அவருக்கு முன்னாடி நேட்டால் காங்கிரஸ் காஜி, பாத்தர்ங்கற பழைய தலைவருங்க கைல இருந்துச்சு, 1944ல அவங்க அப்ப பிரதமரா இருந்த ஸ்மட்ஸ் கூட போட்ட, வெள்ளக்கார ஏரியால இந்தியருங்க குடியேறறத கட்டுப்படுத்த ஒத்துக்கிட்ட பிரிட்டோரியா ஒப்பந்தத்த எதிர்த்துதானே நாயக்கர் ஆளுங்க எழுந்ததே, அந்த பக்கத்து நோட்டீஸும் இருந்தாதான் இவர் எதுக்கு எழுந்தாருன்னு நாளைக்கு படிக்கற பிள்ளைக்கு புரியும். அதே மாதிரி 1947 மார்ச்ல டிரான்ஸ்வால் இந்தியருங்க தலைவர் டாதூவும் நாயக்கரும் ஆப்பிரிக்க காங்கிரஸ் தலைவர் சூமா கூட சேர்ந்து ஒண்ணா போராடுவோம்னு கையெழுத்து போட்டத எல்லாரும் பெருமையா சொல்றோம், ரெண்டு வருஷம் கூட ஆகல, 1949 ஜனவரில ஆப்பிரிக்கருங்களுக்கும் இந்தியருங்களுக்கும் நடந்த கலவரத்துல இதே ஊர்ல 142 பேர் செத்தாங்க, அத பத்தி எங்க வீட்டுல யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அந்த பேப்பரும் பீரோக்குள்ள வரணும்.

வீட்டுல பழைய போட்டோ வச்சிருக்கறவங்களுக்கு கைய கூப்பி கேக்கறேன், தயவு செஞ்சு லேமினேட் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் ஆசையா கடைல கொடுத்து லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்தாரு, சூட்டுல முகமெல்லாம் மங்கி போச்சு, இனி பிரிக்கவும் முடியாது. டர்பன் ஈரக்காத்துக்கு பூஞ்சை வேற பிடிக்குது, ராமபாணப் பூச்சி வேற. வெறும் காகித கவர்ல போட்டு காத்து படற இடத்துல வைங்க, பின்னாடி பென்சில்ல மெதுவா யாரு எங்க எந்த வருஷம்னு எழுதுங்க, பேனா வேணாம். பேரு தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. கொடுக்க மனசு இல்லன்னா பரவால்ல, அரை மணி நேரம் கொண்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு உங்க கைலயே திருப்பி கொடுத்துடறோம்.

எங்களுக்கு இப்ப பணத்த விட பெருசா வேண்டியது பழைய தமிழ் கையெழுத்து படிக்க தெரிஞ்ச கண்ணு. எங்க கிட்ட இருக்கற தமிழ் பக்கங்கள்ல முக்கால்வாசி இன்னும் யாரும் படிக்காம இருக்கு, நான் ஒருத்தி வாரத்துக்கு மூணு நாலு பக்கம் படிக்கறேன். தமிழ்நாட்டுல இருந்து இங்க வேலைக்கு வந்த தம்பிங்க தங்கச்சிங்க எவ்வளவோ பேர் இருக்கீங்க, சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் வந்தா போதும். அங்க ஊர்ல இருக்கற வாசகருங்களுக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பறோம்.

ஆயா நோட்டுல பதினோராவது பக்கத்துல ஒரு பேரு இருக்கு, தண்ணி பட்டு மை கரைஞ்சு போச்சு, முதல் எழுத்து ‘மு’ மட்டும் தெரியுது. பக்கத்துல ‘ரெண்டு பிள்ளை, நம்ம வீட்டுல, தாய் வர வரைக்கும்’னு எழுதியிருக்கு. அந்த பிள்ளைங்க இருந்தா இப்ப எண்பது வயசு இருக்கும். அம்மா ஜெயிலுக்கு போனப்ப மேகசின் பேரக்ஸ்ல ஒரு வீட்டுல இருந்தோம்னு உங்க பாட்டியோ தாத்தாவோ எப்பயாவது சொல்லியிருந்தா, பேப்பர் ஆபீஸுக்கு ஒரு வரி எழுதுங்க, அவங்க எனக்கு அனுப்பி வைப்பாங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி,
டர்பன்