ஜூவல் ஆர்க்கிட்: ஒடிந்த தண்டை எறிந்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் அண்மையில் வெளியான ஆர்க்கிட் வளர்ப்புக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நிழல்வலை, தொட்டிக் கலவை, நீர் தெளிக்க ஏற்ற வேளை ஆகியவை குறித்துக் கட்டுரையாளர் கூறியுள்ளவை புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்கு மிகவும் பயன்படும். ஆயினும், ஆர்க்கிட் செடிகளைப் போத்து (வெட்டி நடும் தண்டுத் துண்டு) வைத்து வளர்க்க இயலாது, ஒடிந்த தண்டை அகற்றிவிட வேண்டியதுதான் என்ற பொருளில் அமைந்த பத்தி, ஜூவல் ஆர்க்கிட் எனப்படும் செடிகளுக்குச் சிறிதும் பொருந்தாது. அதைப் படித்துவிட்டு நல்ல தண்டுகளைக் குப்பையில் போடுவோர் இருப்பார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டுரையாளர் மனத்தில் கொண்டது ஃபெலனாப்சிஸ் போன்ற செடிகளாக இருக்கலாம். அதன் தண்டு மிகக் குறுகியது. வெட்டி நடுவதற்கு அதில் இடமே இல்லை. ஜூவல் ஆர்க்கிட்டுகளின் அமைப்பு வேறு. பூவுக்காக அன்றி இலைக்காக வளர்க்கப்படும் இவை, காட்டுத் தரையில் இலைமட்கின் மீது படர்ந்து வாழ்பவை. நம் ஊர் நர்சரிகளில் பரவலாகக் கிடைக்கும் லுடிசியா டிஸ்கலர், தென்சீனம் முதல் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா வரையிலான காடுகளைத் தாயகமாகக் கொண்டது. கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற அதன் இலையில் செம்பு நிற நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. சதைப்பற்றுள்ள அதன் தண்டு தரையோடு தவழ்ந்து சென்று, நுனியில் மட்டும் நிமிர்ந்து இலைகளைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் ஓர் உறங்கும் மொட்டும், வேர்விடும் திறனும் இருக்கின்றன. மிளகுக் கொடியை நறுக்கி நடும்போது கணுவிலிருந்து வேர் இறங்குவதைப் போலத்தான் இதிலும் நடக்கிறது. காட்டில் ஒரு கிளையோ விலங்கின் காலோ பட்டு ஒடிந்த துண்டு ஈரமான இலைமட்கில் கிடந்து தனிச்செடியாகிவிடும்.

இந்தச் செடியின் தண்டு மிக எளிதில் முறியக்கூடியது என்பதை வளர்த்தவர்கள் அனைவரும் அறிவர். கோவையில் வசிக்கும் எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றை நன்றாகத் தெரியும். பால்கனியில் வைத்த அகலத் தொட்டி ஒன்று சரிந்தாலே இரண்டு மூன்று தண்டுகள் முறிந்துவிடும். கூரியரில் வரவழைக்கும் செடிகளோ, பெட்டியைத் திறக்கும்போதே பெரும்பாலும் ஒரு கிளையாவது கழன்றுதான் இருக்கும். அந்த நேரத்தில் பலர் செடி போய்விட்டது என்று முடிவுகட்டி விற்பனையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவரும் தகராறு வேண்டாம் என்று கொடுத்துவிடுகிறார். கையில் இருப்பது இரண்டு செடிகள் என்பது இருவருக்குமே தெரிவதில்லை. மண்ணில் வேரோடு நிற்கும் அடித்தண்டும், முறிவுக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து புதுத் தளிர் விடும்.

முறிந்த துண்டை எவ்வாறு கையாள வேண்டும் என்பதே முக்கியமானது. கையால் முறிந்த இடம் நைந்து, நார்நாராக இருக்கும். அப்படியே நட்டால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய பிளேடால் நேராக வெட்டிச் சீராக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பிளேடைத் தீயில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ பயன்படுத்துவது கட்டாயம் என்றே சொல்வேன். சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸ் என்ற இரு நோய்க்கிருமிகளும் உலகெங்கும் ஆர்க்கிட் செடிகளில் பரவியதற்கு முக்கியக் காரணம், ஒரு செடியை வெட்டிய கருவியால் துடைக்காமலே அடுத்த செடியை வெட்டியதுதான். நோயுற்ற செடிக்கு இதுவரை மருந்து இல்லை; அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டும் அந்த நோயைச் சுமந்தே வளரும்.

துண்டில் குறைந்தது இரண்டு கணுக்களும், இயன்றால் மூன்று நான்கு கணுக்களும் இருக்கட்டும். வெறும் இலையை மட்டும் நட்டு வைப்பதால் பயனில்லை. கணு இல்லாத இலையிலிருந்து செடி வராது. மண்ணுக்குள் போகும் பகுதியில் உள்ள இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வெட்டுவாய் காய்வதற்காகச் சில மணி நேரம் நிழலில் வைக்க வேண்டும். இலவங்கப்பட்டைத் தூளை வெட்டுவாயில் தடவும் வழக்கம் பரவலாக உள்ளது. பூஞ்சையைத் தடுக்க அது உதவும். ஆனால், ஏற்கெனவே வேர் இருக்குமானால் அதன்மீது தூள் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பட்டைத் தூள் ஈரத்தை உறிஞ்சி வேரைக் கருக்கிவிடும்.

அடுத்து நடவு. ஆழமான தொட்டி வேண்டாம். இதன் வேர்கள் மேலாகவே பரவும் என்பதால் அகலமான, ஆழம் குறைந்த தொட்டியே ஏற்றது. நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிறப் பொரிகல்), சிறு கரித்துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து, தண்டை நெட்டுக்குத்தாகச் செருகாமல் படுக்கவைத்து, கீழ்க் கணுக்கள் கலவையைத் தொடும்படி அழுத்தினால் போதும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசி கிடைத்தால் தனியாக அதிலேயே வேர்விட வைக்கலாம். பாசியைப் பிழிந்தால் சொட்டுச் சொட்டாக நீர் வடியும் அளவுக்கு ஈரம் இருந்தால், அது அளவுக்கு மீறியது. நேர் வெயில் படாத வெளிச்சமும், 20 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பமும் இருக்கும் இடத்தில் மூன்று முதல் ஆறு வாரங்களில் வேர் இறங்கும். கணுவின் அடிப்பக்கத்தில் முதலில் தோன்றுவது வெண்ணிறமான ஒரு சிறு புடைப்பு. உற்றுப் பார்த்தால் அதன்மேல் பட்டுநூல் போன்ற மெல்லிய மயிர்கள் அடர்ந்திருப்பது தெரியும். பலர் அதைப் பூஞ்சை என்று தவறாக எண்ணித் துடைத்துவிடுகிறார்கள். அது வேர், அதைத் தொடக்கூடாது.

நீரில் வேர்விட வைப்பதும் லுடிசியாவுக்கு ஒத்துவரும். கீழ்க் கணு மட்டும் மூழ்கும்படி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நிறுத்தி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி வந்தால் போதும். வேர் இரண்டு சென்டிமீட்டர் அளவு வந்ததும் கலவைக்கு மாற்றிவிட வேண்டும். நீரிலேயே நீண்டுபோன வேர்கள் பிறகு கலவையில் நிலைப்பது கடினம். உப்புக் குறைந்த சிறுவாணி நீர் வரும் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பியிருப்போர் மழைநீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துவது நல்லது. உப்பு மிகுந்த நீரில் இளம் வேரின் நுனி பழுத்துக் கருகிவிடும்.

மாகோடஸ் பெட்டோலா, அனெக்டோகைலஸ் போன்ற பிற ஜூவல் ஆர்க்கிட்டுகளில் இவ்வளவு எளிதில் வெற்றி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தங்க வலைப்பின்னலை விரித்தாற்போன்ற இலைகளை உடைய மாகோடஸ், காற்றில் ஈரம் குறைந்தால் துவண்டுவிடும். ஈரம் தேங்கினால் அழுகிவிடும். மூடியுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரப்பாசியைப் பரப்பி, அதன்மேல் துண்டைக் கிடத்தி, நாள்தோறும் சிறிது நேரம் மூடியைத் திறந்து காற்று புகவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். புதுத்தளிர் வந்து ஓர் இலை விரியும்வரை உரம் எதுவும் இடக்கூடாது.

இவ்வளவு தூரம் இதை நான் வலியுறுத்துவதற்கு வீட்டுத்தோட்டத்திற்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. அனெக்டோகைலஸ் எலேட்டஸ் என்ற ஜூவல் ஆர்க்கிட் தென்னிந்திய மலைக்காடுகளுக்கே உரியது; இலங்கையின் ஈரக்காடுகளில் அதன் உறவான வனராஜா வளர்கிறது. தரையோடு படர்ந்து கிடக்கும் இவற்றைப் பறிப்பதற்கு மரம் ஏறவோ கருவி எடுத்துச் செல்லவோ தேவையில்லை என்பதால், பார்த்தவர் கையில் முழுத் திட்டும் வேரோடு வந்துவிடுகிறது. தைவானிலும் சீனாவிலும் மருந்துக்காக அனெக்டோகைலஸ் இனங்களைக் காட்டிலிருந்து வரைமுறையின்றி எடுத்ததால் அவை அருகின. இன்று திசு வளர்ப்பு மூலமே பெருமளவு உற்பத்தி செய்கிறார்கள். விதையிலிருந்து வளர்ப்பது வீட்டில் நடவாத காரியம். தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையோடுதான் அது முளைக்கிறது. பூஞ்சை இல்லாமல் சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் முளைக்க வைக்கும் முறையை அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-இல் வெளியிட்டார் என்றாலும், அதற்கு ஆய்வுக்கூடத் தூய்மை தேவை. ஆகவே, சாதாரண ஆர்வலர் ஒருவர் காட்டுச் செடிக்கு மாற்றாகத் தாமே உருவாக்கக்கூடியது போத்து ஒன்றுதான்.

இணையவழி விற்பனையில் காட்டிலிருந்து பறித்த செடிகளும் கலந்து வருகின்றன என்பது என் ஐயம். அளவொவ்வாத, பூச்சி கடித்த இலைகள், வேரில் ஒட்டிய காட்டு இலைமட்கு, தொட்டியின் வடிவம் பதியாத வேர்த்தொகுதி ஆகியவற்றைக் கண்டால் வாங்குவோர் கேள்வி கேட்க வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளது. இந்தியா 1976 முதல் அதில் உறுப்பினர். போத்து ஒரே செடியின் படிதான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எத்தனை தொட்டிகளில் பெருக்கினாலும், காட்டில் உள்ள மரபணு வேறுபாட்டை அது ஈடுசெய்யாது. காட்டுச் செடிக்கான தேவையைக் குறைப்பது மட்டுமே அதனால் ஆகும். அதுவே இன்று பெரிய உதவி.

எனவே, ஊட்டி, ஏற்காடு மலர்க் கண்காட்சிகளில் விற்பனை அரங்கு அமைக்கும் நர்சரி உரிமையாளர்கள், முழுச்செடியோடு வேர்விட்ட போத்துகளையும் குறைந்த விலைக்கு விற்க முன்வர வேண்டும் என்றும், எந்தத் தாய்ச்செடியிலிருந்து எடுத்தது என்பதைச் சிறு அட்டையில் குறிப்பிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வேர்விடாத துண்டுகளையே ஈரப்பாசியில் சுற்றி அனுப்பினாலும் சில நாட்கள் தாங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் அனுப்பாமல் இருப்பது நலம். தங்கள் தோட்டப் பகுதியின் அடுத்த இதழில் மேற்படி கட்டுரைக்கான திருத்தத்தையும், தண்டை வெட்டிக் கிடத்தும் முறையைக் காட்டும் ஒரு படத்தையும் வெளியிட்டால், இந்த மழைக்காலத்திலேயே பலர் நட்டுப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.