இணைப்புகளைச் சோதிப்பது யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வங்கியின் செயலி அரை நாள் முடங்கினாலும், ஒரு முன்பதிவுத் தளம் ஒருவருடைய விவரத்தை இன்னொருவருக்குக் காட்டினாலும், ‘போதிய சோதனை இல்லாமல் வெளியிட்டுவிட்டார்கள்’ என்றே செய்திகளில் எழுதப்படுகிறது. மென்பொருள் சோதனையில் நெடுங்காலம் பணிபுரிந்து வருபவன் என்ற முறையில், இந்த விளக்கம் பெரும்பாலும் பாதி உண்மையே என்று சொல்ல விரும்புகிறேன். சோதனை நடந்திருக்கும், ஆயிரக்கணக்கான சோதனைகள் தேறியும் இருக்கும். ஒவ்வொரு குழுவும் தன் பங்கைச் சோதித்திருக்கும். இரு குழுக்களின் பங்குகள் வந்து சேரும் இடத்தைச் சோதிப்பது யாருடைய வேலை என்பதை மட்டும் எவரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருளாளர்கள் கூடி, மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கும் அஜைல் முறையின் கொள்கை அறிக்கையை எழுதியபோது, அவர்கள் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் சிறிய குழுக்களே. பத்துப் பேர் ஓர் அறையில் இருந்தால், சந்தேகம் எழும்போது நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடலாம். பெரிய நிறுவனத்தில் ஐம்பது குழுக்கள், மூன்று நான்கு நேர மண்டலங்களில் உட்கார்ந்துகொண்டு ஒரே அமைப்பின் வெவ்வேறு துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும்போது அது நடவாது. முன்பெல்லாம் சோதனைக்கெனத் தனித் துறை இருந்தது. அது தயாரித்த நூறு பக்கத் திட்ட ஆவணத்தைக் கையெழுத்திட்டவர்கள்கூட முழுமையாகப் படித்ததில்லை. அஜைல் முறை அந்த ஆவணத்தை ஒதுக்கியது சரியே. ஆனால், எல்லாம் சேர்ந்து இயங்குமா என்ற கேள்வியை அந்த ஆவணமாவது கேட்டுக்கொண்டிருந்தது. ஆவணத்தோடு கேள்வியும் போய்விட்டது.

அஜைல் முறையில் ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் இரண்டு வாரப் பணிச்சுற்று ஒன்றின் ஒன்பதாம் நாள் மாலையில் ஏதேனும் ஒரு குழுவின் பணிப்பலகையைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ‘சோதனைக்குத் தயார்’ என்ற பத்தியில் வேலைக்கு ஒன்றாக ஏழெட்டு அட்டைகள் குவிந்திருக்கும். குழுவில் இருப்பவரோ ஒரே ஒரு டெஸ்டர். மறுநாள் பிற்பகல், செய்துமுடித்ததைக் காட்டும் டெமோ. புதிதாகச் சேர்த்ததை அவர் அவசரமாகப் பார்த்து முடிப்பார். பழையவை கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் ரிக்ரஷன் சோதனை அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளப்படும். அட்டைகள் ‘முடிந்தது’ பத்திக்கு நகர்ந்துவிடும். இப்படி எல்லாக் குழுக்களிலும் தள்ளப்பட்டவை ரிலீஸுக்கு முன்பு ஒன்றாக வந்து நிற்கும்போது, அதற்கு ‘ஹார்டனிங் ஸ்பிரின்ட்’ என்று பெயர் சூட்டுகிறார்கள். கைவிட்டதாகச் சொல்லப்பட்ட பழைய சோதனைக் கட்டம்தான் அது. முன்பு அதற்கு மூன்று மாதம் கிடைத்தது, இப்போது இரண்டு வாரம்.

நான் பங்கேற்ற ஒரு பணியில் நடந்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் விவரங்களைத் தரும் சேவையை (பிற நிரல்கள் அழைத்துக் கேட்கும் நிரல்) ஒரு குழுவும், அவற்றைக் கொண்டு கட்டணம் கணக்கிடும் சேவையை மற்றொரு குழுவும் பராமரித்தன. முதல் குழு, பிறந்த தேதி கட்டாயமில்லை என்று ஒரு மாற்றம் செய்தது. அவர்களுடைய சோதனைகள் அனைத்தும் தேறின. இரண்டாம் குழு தன் சோதனைகளுக்கு உண்மையான சேவையை அழைக்காமல், அதைப் போல நடிக்கும் ‘மாக்’ ஒன்றைப் பயன்படுத்தி வந்தது. அதுவோ ஓராண்டுக்கு முன் எழுதப்பட்ட பதிலை, பிறந்த தேதியோடு, விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. எனவே அவர்களுடைய சோதனைகளும் தேறின. ரிலீஸான அன்றிரவு, பிறந்த தேதி இல்லாத முதல் வாடிக்கையாளர் வந்ததும் கட்டணக் கணக்கீடு நின்றுபோனது. அன்று நள்ளிரவு அழைப்பில் இரு குழுவினரும், தத்தம் பக்கம் பிழையில்லை என்று சான்றுகளோடு நிறுவினார்கள். இரண்டு வாதமும் உண்மை என்பதுதான் வேதனை.

இது எங்களுக்கு மட்டுமே நேர்ந்ததன்று. 1999 செப்டம்பர் 23 அன்று நாசா தன் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலத்தைச் செவ்வாய் அருகே இழந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசையின் தாக்கத்தைப் பவுண்டு-விசை அலகில் தர, அதைப் பெற்று வழிகணித்தவர்கள் நியூட்டன் அலகு என்று கொண்டார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. தாக்குதல்களைக் கண்டறியும் விதிகளின் வார்ப்புரு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அவற்றை வழங்கிய நிரல் தந்ததோ 20. முந்தைய சோதனைகளில் 21ஆவது இடத்தில் எதுவும் பொருந்தும் என்ற பொதுக்குறியே இருந்ததால் வேறுபாடு தெரியாமலே இருந்துவந்தது. அலகும் எண்ணிக்கையும் போல எளிய விஷயங்கள்தாம் இவை. ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறுபக்கத்துக்குத் தெரியவில்லை.

ஆகவே பெரிய நிறுவனங்களில் சோதனை உத்தியைத் திட்டமிடுவோர் முதலில் உட்கார வேண்டியது இணைப்புகளின் பட்டியலோடுதான் என்பது என் கருத்து. ஒரு குழு தனக்குள் நிரலின் சிறு துண்டுகளைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எத்தனை எழுதுவது, எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் அந்தக் குழுவே முடிவு செய்துகொள்ளட்டும். தலைமையகம் அதில் தலையிட்டால் படிவங்கள் பெருகுமே தவிரப் பிழைகள் குறையா. ஆனால் எந்தச் சேவை எதை அழைக்கிறது, என்ன பதிலை எதிர்பார்க்கிறது, அந்த எதிர்பார்ப்பை எந்தச் சோதனை காக்கிறது என்பவை குழுக்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை. இதற்கு ‘கான்ட்ராக்ட் டெஸ்டிங்’ என்ற முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பயன்படுத்தும் குழு தன் எதிர்பார்ப்பை ஒரு கோப்பாக எழுதிக் கொடுக்கும். வழங்கும் குழு ஒவ்வொரு முறை நிரலை மாற்றும்போதும் அந்தக் கோப்பு தானாகவே சரிபார்க்கப்படும். எங்கள் பிறந்த தேதிச் சிக்கலில் இது இருந்திருந்தால், மாற்றம் செய்தவருடைய கணினியிலேயே அன்று பிற்பகலிலேயே சோதனை தோற்றிருக்கும்.

இதற்கு மாற்றாகப் பலரும் விரும்புவது, திரையிலிருந்து தரவுத்தளம் வரை முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்கும் தானியங்கிச் சோதனைகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவிப்பது. மேலதிகாரிகளுக்குக் காட்ட அழகாக இருக்கும். ஆனால் அவை ஓடி முடிய மணிக்கணக்காகும். சோதனைக்கென அமைத்த கணினிச் சூழலில் ஏதோ ஒரு சேவை தூங்கினால் காரணமின்றித் தோற்கும். மறுபடி ஓட்டினால் தேறும். கூகுளிலேயே ஏறத்தாழ 16 விழுக்காடு சோதனைகளில் இத்தகைய நிலையின்மை ஓரளவு இருப்பதாக 2016இல் அந்நிறுவனப் பொறியாளர் ஒருவர் எழுதினார். ‘அது அப்படித்தான், இன்னொரு முறை ஓட்டு’ என்று குழு சொல்லப் பழகிவிட்டால், உண்மையான பிழை வரும் நாளிலும் அதையே சொல்லும். அத்தகைய முழுப்பாதைச் சோதனைகள், பணம் செலுத்துதல், உள்நுழைதல் போன்ற சில முக்கியப் பாதைகளுக்கு மட்டும் போதும்.

சோதனைத் தரவுகளையும் சூழல்களையும் பற்றித் தனியாகவே எழுதலாம். பன்னிரண்டு குழுக்களுக்கு ஒரே சோதனைச் சூழலைக் கொடுத்துவிட்டு வேகம் குறைவு என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நிர்வாகத்திலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எத்தனை சோதனைகள் தானியங்கியாக்கப்பட்டன, நிரலில் எத்தனை விழுக்காடு சோதனைக்கு உட்பட்டது என்ற எண்களையே மாதந்தோறும் கேட்டால், குழுக்கள் அந்த எண்களைத்தான் தயாரித்துத் தரும். எதையும் சரிபார்க்காமல் நிரலை ஓட்டிவிட்டு மட்டும் முடியும் சோதனைகளால் 90 விழுக்காட்டை எட்டிய குழுவை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, காலாண்டுத் திட்டமிடலில் குழுத் தலைவர்களை இணைப்புகளின் பட்டியலோடு ஒரு மணி நேரம் அமரவைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் நேராக இரு பக்கத்திலிருந்தும் ஒருவர் பெயரை எழுதச் சொல்லலாம். அதற்கான வேலை நேரத்தையும் ஸ்பிரின்டுகளில் ஒதுக்கித்தர வேண்டும். இல்லையெனில் அந்தப் பெயர்களும் ஒன்பதாம் நாள் மாலை அட்டைகளைப் போலத் தள்ளிப்போகும்.

நாங்கள் முதன்முறை இதைச் செய்தபோது பல வரிகளில் பெயருக்கான இடம் காலியாகவே இருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கும் கட்டணச் சேவைக்கும் இடையிலான வரியில், இரு குழுத் தலைவர்களும் ஒருவர் பெயரை மற்றவர் எழுதியிருந்தார்கள். அதைத் தீர்க்க அந்த ஒரு மணி நேரத்தில் கால் மணி போனது.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைத் துறையில் பணிபுரியும் வாசகர்