தூத்சாகருக்கு நாளை வழி உண்டா? அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவாவில் உள்ள தூத்சாகர் அருவிக்குப் போகும் வழியை ஆளுக்கொரு பகுதியாகக் கையில் வைத்திருக்கும் காடு, ரயில், சுற்றுலா அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மூன்று தரப்பையும் ஒரே மடலில் சேர்த்து அழைப்பது மரியாதைக் குறைவாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. காட்டைப் பற்றிக் கேட்டால் ஜீப்காரரைக் கேள் என்கிறார்கள். ஜீப்காரரைக் கேட்டால் மழையைக் கேள் என்கிறார். மழையின் தொலைபேசி எண் எங்களிடம் இல்லை.

அக்டோபர் கடைசியில், அருவிக்கு ஜீப் கிளம்பும் ஊரான குலேமில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலம் மலையில் நல்ல மழை. ஓடைகளில் தண்ணீர் ஏறிவிட்டது, ஜீப் இறங்க முடியாது, அருவிக்கு யாரையும் அனுப்பவில்லை. முடிவு சரியானதுதான். அந்த ஓடைகளைக் கடக்கும்போது சாதாரண நாளிலேயே ஜீப்பின் சக்கரம் முழுகும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் ஏறிய நாளில் இறங்கச் சொல்வதற்கு எனக்குப் பைத்தியம் இல்லை. என் குறை வேறு. இந்த முடிவு எங்களுக்குத் தெரிந்த விதம்தான் குறை. விடிகாலையிலிருந்து ஜீப் டிக்கெட் கவுண்டர் வாசலில் நிற்கிறோம். எட்டு மணிக்கு மேல் ஒரு காகிதம் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. அதிலும் "தாமதம்" என்றுதான் இருந்தது. ஓடை ராத்திரியே ஏறிவிட்டது என்பது எதிரே இருந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கவுண்டருக்குள் இருந்தவர் மட்டும் "பார்க்கலாம்" என்றார். ஒன்பதுக்கும் பார்க்கலாம், பத்துக்கும் பார்க்கலாம். பதினொன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

எங்களோடு வந்தவர்களில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா உண்டு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து அருவிவரை பாறையும் வேருமாக நடக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாதக்கணக்கில் மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கிப் பழகியவர். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். வாழ்நாளில் அவர் போட்ட முதல் ஷூ. அருவியைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்று மாற்றுச் சேலையைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். புது ஷூ கால் விரலைக் கடித்தது. கழற்றுங்கள் அம்மா என்றால் கழற்றவில்லை. "திடீர்னு கூப்பிட்டா இந்தக் கயித்தை யார் கட்டறது?" என்று கேட்டார். ஷட்டர் இறங்கும்வரை அப்படியே இருந்தார். அப்புறம் கழற்றியபோது இரண்டு சுண்டுவிரலிலும் தோல் உரிந்திருந்தது.

இல்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தால் அவர் அறையில் காலை நீட்டிப் படுத்திருப்பார். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. அருவி பார்க்க முடியாமல் போனதை அவரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயற்கை, என்ன செய்ய. அரை நாள் முழுக்க ஒரு "பார்க்கலாம்" மேல் உட்கார வைத்ததில் இயற்கைக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. நாளைக்கு அருவிக்கு வழி உண்டா இல்லையா என்பதை இன்று மாலை ஆறு மணிக்குள், எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே இடத்தில் சொல்லிவிடுங்கள். ராத்திரி மழை கொட்டி நிலைமை மாறினால் காலை ஆறு மணிக்கு மாற்றிச் சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இது பெரிய வேலையா என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் குற்றாலத்தில் ராத்திரி வெள்ளம் வந்தால், மெயினருவியில் குளிக்கத் தடை என்று காலைக் காபி குடிக்கும் முன்பே தொலைக்காட்சியில் ஓடும். ஒகேனக்கல்லில் காவிரி நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் ஓடுமா ஓடாதா என்பது செய்தியாகவே வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் வண்டியை எடுப்போம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பெருமையடிக்க வரவில்லை, குற்றாலத்து நெரிசலைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஒரு காரியம் அங்கே நடக்கிறது. இரண்டு வரிச் செய்திக்குத் தனி வாரியம் எதுவும் தேவைப்படவில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாமல் போகலாம். மட்காவிலோ பனாஜியிலோ இருப்பவர் இன்று இல்லாவிட்டால் நாளை வருவார். நாங்கள் வருவது சென்னையிலிருந்து வாஸ்கோ போகும் ரயிலில். அது வாரத்துக்கு ஒரு முறை ஓடுகிற ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். திறந்த அன்றைக்கே எடுத்தால்தான் வயதானவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கும். (மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான். அதைப் பற்றித் தனி மடலே எழுத வேண்டும், இப்போது விடுகிறேன்.) போக ஒரு தேதி, திரும்ப ஒரு தேதி, நடுவில் அருவிக்கென்று ஒரே ஒரு நாள். இரண்டு மாதம் முன்னால் ரயிலில் எந்தப் படுக்கை என்று எனக்குத் தெரிகிறது. முதல் நாள் ராத்திரிகூட அருவிக்கு ஜீப் போகுமா என்று தெரியவில்லை.

தேதியைப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தோம். தூத்சாகரின் கணக்கு மற்ற அருவிகளைப் போல எளிதில்லை. 310 மீட்டர் உயரம், நான்கு அடுக்காக விழுகிற தண்ணீர். அது நிறைந்து விழுவது ஜூலை, ஆகஸ்டில். அப்போது ஜீப் இல்லை. மழைக்காலம் முடிந்து பாதை திறப்பது பொதுவாக அக்டோபரில். எந்தத் தேதி என்பது மழை முடிவதைப் பொறுத்தது. மார்ச், ஏப்ரல் ஆகிவிட்டால் ஜீப் தாராளமாகக் கிடைக்கும், தண்ணீர்தான் பாறையில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். ஆக, தண்ணீரும் பாதையும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது, அதன் தொடக்கமோ நிச்சயமில்லாதது. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் முன்னறிவிப்பு மற்ற இடங்களைவிட அதிகம் தேவை. இங்கேதான் அது இல்லை.

விளம்பரப் படத்தில் மட்டும் வருடம் முழுக்க ஆகஸ்ட் மாதம். வெள்ளை வெள்ளையாக அருவி, நடுவில் பாலத்தில் ரயில். அந்தக் காட்சியைப் பார்த்துக் கிளம்பி வருகிறவருக்கு, அந்த மாதத்தில் கீழே போக ஜீப் கிடையாது என்பதைப் படத்துக்கு அடியில் ஒரு வரியில் போட்டால் மை தீர்ந்துவிடுமா?

ரயில் தரப்பிடமும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் மழைக்காலக் கூட்டம் தண்டவாளத்தில் நடந்து அருவிக்குப் போக முயன்றதும், ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்துத் தோப்புக்கரணம் போட வைத்ததும் நாடு முழுக்கப் பரவியது. பிள்ளையார் கோயிலுக்கு வெளியே அத்தனை பேர் சேர்ந்து தோப்புக்கரணம் போட்டு நான் பார்த்ததில்லை. தண்டவாளத்தில் நடந்தது தப்பு. ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அதற்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 1000 ரூபாய்வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். காசில் ராக் நிலையத்திலிருந்து குலேம்வரை உள்ள அந்த மலைப்பாதையில் சுரங்கமும் வளைவுமாக இருக்கும்போது, ஆள் ஒதுங்க இடம் எங்கே? பெட்டிக்குள் இருந்தபடியே அருவியைப் பாருங்கள் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதும் நியாயமான வார்த்தை. ஆனால் கேட்டுக்கொண்டது கூட்டம் வந்து சேர்ந்த பிறகு. தூத்சாகர் என்று பெயர் போட்ட நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கக் கூடாது என்பது பாதிப் பேருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. இதே செய்தியை டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டிருந்தால் தோப்புக்கரணத்துக்கு வேலை குறைந்திருக்கும்.

கோப்பு நகராது என்றும் சொல்ல முடியவில்லை. இதே காட்டுக்குள், இதே பாதையில் இரண்டாவது தண்டவாளம் போடுவதற்கான கோப்பு தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல்வரை போய்விட்டது. ஊர்க்காரர்களும் இளைஞர்களும் எதிர்த்து நின்று, கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்புதலை ரத்து செய்ததால்தான் அது நின்றது. காட்டுக்குள் இன்னொரு ரயில் பாதை போட அத்தனை துறையும் ஒரு மேசையில் உட்கார முடிந்திருக்கிறது. நாளைக்கு ஜீப் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் மேசை கிடைப்பதில்லை.

கொஞ்சம் சூடாகிவிட்டது, மன்னிக்கவும்.

காட்டைப் பற்றி எங்களுக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம். மொல்லேம் தேசியப் பூங்கா 107 சதுர கிலோமீட்டர், சுற்றியுள்ள சரணாலயத்தையும் சேர்த்தால் 240. மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி ஒரு துண்டு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். ஜீப் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு போடுங்கள், ஒப்புக்கொள்கிறோம். உயிர்காப்புச் சட்டை கட்டாயம் என்கிறீர்கள், மாட்டிக்கொள்கிறோம். குளத்தில் இறங்காதே என்றால் கரையில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். நுழைவுக் கட்டணத்தைக்கூட யாரும் முணுமுணுக்கவில்லை. கட்டுப்பாடு எதுவானாலும் முன்னாலேயே தெரிந்தால் அதற்கேற்பத் திட்டம் போடலாம். வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்தால் அது வெறும் அலைச்சல். இன்னொன்றும் உண்டு. வழி இல்லை என்று முதல் நாளே தெரிந்தால் பாதிப் பேர் குலேம் பக்கமே வர மாட்டார்கள். அந்தக் குறுகலான ஊர்ச் சாலையில் அத்தனை வண்டியும் நிற்காது, "எப்படியாவது போய்விடலாம்" என்று தண்டவாளத்தைப் பார்க்கும் இளைஞர்களும் குறைவார்கள். இதில் உங்களுக்கும் லாபம்தான்.

ஜீப் ஓட்டுபவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று அவர்களும் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் போலவேதான் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம் முழுக்க வருமானம் இல்லாமல் இருந்து, அக்டோபரில்தான் வண்டியை எடுக்கிறார்கள். ஒரு நாள் போனால் அவர்களுக்கும் போனதுதான். அவர்களில் ஒருவர் அந்த அம்மாவுக்கு பிளாஸ்திரி வாங்கிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஓடையின் நிலவரம் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். சாயங்காலம் கடைசி ஜீப் திரும்பும்போது ஓட்டுநரிடம் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு எழுதினாலே அறிவிப்பில் பாதி தயார்.

சரி, கோரிக்கையை மறுபடி வைத்துவிட்டு முடிக்கிறேன். நாளைக்கு வழி உண்டா இல்லையா, அதை இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்லுங்கள். பாதை திறக்கும் தேதி தள்ளிப்போனால், தள்ளிப்போகிறது என்பதையாவது சொல்லுங்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்பதும் எங்களுக்குப் பயனுள்ள செய்திதான், அதை வைத்துக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்யவாவது முடியும். முன்பணம் கட்டியவர்களுக்கு அது எத்தனை நாளில், எப்படித் திரும்பும் என்பதையும் அதே இடத்தில் எழுதிவையுங்கள். கவுண்டர் பக்கத்தில் வயதானவர்கள் உட்கார நிழலோடு நான்கு பெஞ்சு போட்டால் நன்றாயிருக்கும். ஆனால் அது இரண்டாவதுதான், அறிவிப்பு வந்தால் அங்கே காத்திருக்க வேண்டிய நேரமே குறைந்துவிடும்.

அறிவிப்பு கொங்கணியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். தமிழில் எங்கள் ஆட்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். அடுத்த மழைக்காலம் முடிந்து பாதை திறக்கும் முன்பே இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து வந்து திரும்பிய பயணிகளில் ஒருவர்