அந்தப் படநூல்களை எடைக்குப் போடாதீர்கள்

நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். கழிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் எங்கள் கைக்கு வந்துவிட்டது. உள்ளறையில் தூசி துடைத்து நான் அடுக்கிவைத்த பழைய படநூல்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. காரணம் ஒரே வரி: 'பத்து ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை.'

எப்படி எடுப்பார்கள்? ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் 'இரவல் தருவதற்கில்லை' என்று முத்திரை குத்தியது நாம்தான். அறையைப் பூட்டியதும் நாம்தான். கண்ணிலேயே காட்டாத நூலை யாரும் கேட்கவில்லை என்று எழுதுவது நியாயமா?

உங்களில் ஒருவராவது அந்தப் பறவை நூலைத் திறந்து பாருங்கள். படத்தின் மேல் கிடக்கும் மெல்லிய காப்புத்தாளை விலக்கினால் மீன்கொத்தி. கல்லச்சுப் படம், அதாவது கல்லில் வரைந்து மை தடவித் தாளில் எடுத்தது; 1796இல் செனெஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த முறையிலிருந்து வளர்ந்தது. வண்ணத்துக்கு ஒரு கல் வீதம், ஒரே தாளை மறுபடி மறுபடி இம்மி பிசகாமல் வைத்து அழுத்த வேண்டும். இதில் இறகின் நீலம் கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வெளியே வந்திருக்கிறது. தாளைக் கல்மேல் வைத்த கை தெரிவது அந்த இடத்தில்தான். அதே மீன்கொத்தியின் கழுத்தில் நம் நூலக முத்திரை, ஊதா மையில். அடுத்து வரும் சில படங்களை யாரோ பிளேடால் அறுத்துப் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு விசாரணையும் இல்லை.

'இணையத்தில் கிடைக்குமே' என்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் தாவர நூலின் படங்கள் கையால் வண்ணம் தீட்டியவை. ஒரு பிரதியைப் போல இன்னொன்று இருக்காது. இலைமேல் பூசிய கோந்தின் மினுமினுப்பு, பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

சுவரில் ஈரம் கசிகிறது என்றால் 'பார்க்கலாம்'. அலமாரி கேட்டால் 'நிதி இல்லை'. கிழிந்த பக்கத்துக்குச் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாக ஊறிப் படத்தைக் கெடுக்கும் என்று எழுதிக் கொடுத்தால் பதிலே கிடையாது. கழிப்பதற்கு மட்டும் இவ்வளவு அவசரம்!

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. பட்டியலை நிறுத்திவையுங்கள். பழைய அச்சுமுறை தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நூலையும் திறந்து பார்க்கட்டும். நம்மால் வைத்துக் காக்க முடியாதவற்றைக் காக்கக்கூடிய வேறொரு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். திறந்து பார்க்காமல் ஒன்றைக்கூட வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வருகிறதாம். உள்ளறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதற்குள் எந்த நேரம் வந்தாலும் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நூலகப் பணியாளர்