பதினான்காம் குழியின் இடது மணல்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் முன்பு போலத்தான் இருக்கிறது. செல்வியின் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். சித்தப்பா விஷயம் அப்படியே கிடக்கிறது, அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

காற்று இந்த ஆண்டு ஆனியிலேயே பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்குக் கோல்ஃப் மைதானத்துக்கு மணல் வாரும் ரேக்கை எடுத்துக்கொண்டு போனால், பங்கர் என்கிற அந்த மணல் பள்ளங்களின் மேற்குப் பக்கத்தில் மணலே இருப்பதில்லை. அடித்தரை வெளியே தெரிகிறது. எல்லாம் கிழக்கு ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. இழுத்து இழுத்துச் சமன் செய்து முடிப்பதற்குள் ஏழு மணி ஆகிவிடுகிறது. மாலையில் மறுபடியும் அதே கதை. ஆற்று மணல் வருவது நின்றுபோய் எம்-சாண்ட் கொட்டிய பிறகு ஒரு நன்மை. அது உருண்டை மணல் இல்லை, முனை முனையாக இருப்பதால் இறுகி நிற்கிறது, பந்து முன்பு போலப் புதைவதில்லை. நீ சின்ன வயதில் அடித்த மணல் வேறு, இந்த மணல் வேறு. இதை உன்னிடம் சொல்லலாம் என்றுதான் போன் செய்தேன். மூன்று ஞாயிறாக நீ எடுக்கவில்லை. ஆட்டத்தில் இருப்பாய் என்று அப்பாவிடம் சொன்னேன். அது ஆட்டம் இல்லாத ஞாயிறு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முருகேசன் மாமாவின் மகன் போன வாரம் வந்திருந்தான். பெங்களூரில் வேறோர் ஆட்டக்காரருக்குப் பை தூக்கிவிட்டு வந்தான். உன்னைப் பார்த்தானாம். நன்றாக இருக்கிறாய் என்று சொன்னான். கொஞ்சம் இளைத்துவிட்டாய் என்றும் சொன்னான். நேரத்துக்குச் சாப்பிடு.

மணலைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். நீ அதையே செய்துகொண்டு வந்தாலும் அம்மா சொல்கிறேன் என்று கேள். மட்டையின் முகத்தை முதலில் திற, அது வானத்தைப் பார்க்கட்டும், பிறகு கையை வை. கையை வைத்துக்கொண்டு மணிக்கட்டை முறுக்கித் திறந்தால், அடிக்கும்போது அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முகம் முதலில், கை பிறகு. பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். காலை மணலில் கொஞ்சம் புதைத்து நில். அப்போதே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும், மணல் எவ்வளவு ஆழம், அடியில் ஈரம் இருக்கிறதா என்று. மட்டையால் தொட்டுப் பார்க்கத்தான் விதி விடாது. காலால் தெரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்கு. பந்தை நீ தூக்க வேண்டாம், மணல் தூக்கும். இறங்கிய பிறகு நிற்காதே. இடது தோளுக்கு மேல் மட்டை போய் முடியட்டும். பாதியில் நிறுத்துகிறவனின் பந்துதான் அதே மணலில் மறுபடி விழுகிறது.

உன் அப்பா சொல்லும் ஜீன் சரஸன் கதையை நினைத்துக்கொள். மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தடிப்பாக்கி, 1932-இல் அதைக் கொண்டுபோய் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்று வந்தார் அந்த அமெரிக்கர். கூரான அடி மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். தடித்த அடி சறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். முகத்தைத் திறக்கச் சொல்வதும் இதற்காகத்தான், அந்தத் தடிப்பு மணலுக்கு நேராக வர வேண்டும். காற்று அரித்த இறுகிய இடத்தில் மட்டும் அதிகம் திறக்காதே. தடிப்பு தரையில் மோதித் துள்ளி, பந்தின் வயிற்றில் அடித்துவிடும். முழுக்கப் புதைந்த பந்துக்கு முகத்தை மூடி, செங்குத்தாக இறக்கு. அது குழியைச் சுற்றிய கிரீன் புல்தரையில் நிற்காமல் ஓடும். ஓடினால் ஓடட்டும், வெளியே வந்துவிடுமே.

கிரீன் ஓரத்தில் சிப் அடிக்கும்போது, கொஞ்சம் பறந்து மீதி உருளும் அந்தச் சின்ன அடிக்கு, அப்பாவின் கணக்கை மறக்காதே. பன்னிரண்டில் மட்டை எண்ணைக் கழி. எட்டாம் அயர்ன் மட்டை என்றால் ஒரு பங்கு பறக்கும், நான்கு பங்கு உருளும். எல்லாவற்றுக்கும் மணல் மட்டையான சாண்ட் வெட்ஜை எடுக்காதே. காலைச் சேர்த்து வை, பாரம் இடது காலில் இருக்கட்டும், மணிக்கட்டு பேசக் கூடாது. முற்றத்தில் குண்டானை வைத்து, கீழ்க்கையால் பந்தை எறிந்து பழகினாயே, அதே கைதான். குண்டானின் விளிம்பில் நீ போட்ட நசுங்கல் இன்னும் இருக்கிறது. அதில்தான் இப்போதும் இட்லிக்கு மாவு கரைக்கிறேன்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். இருபத்து நான்கு ஆண்டுகளாக மணலை வாருகிறேன் கண்ணு. மட்டை பிடித்ததில்லை, ஆனால் மட்டை பட்ட தழும்பைத் தினமும் பார்க்கிறேன். மணலில் இருக்கும் தழும்பைப் பார்த்தே யார் அடித்தது என்று சொல்லிவிடுவேன். பயந்தவர் அடித்தால் குழி விழும், அள்ளி வைத்தது போல ஆழமாக, குட்டையாக. பந்தைத் தூக்க நினைத்தவர் அடித்தால் தழும்பே இருக்காது, ஒரு கீறல்தான் இருக்கும். நன்றாக ஆடுகிறவரின் தழும்பு ஒரு சாண் நீளம், விரல் கனம். தோசையை ஒட்டாமல் திருப்பி எடுத்த கல் போல மழமழவென்று கிடக்கும். உன்னுடையது பதினோரு வயதிலேயே அப்படித்தான் இருந்தது. நான்காம் குழி பங்கரை வாரும்போது உன் தழும்பை மட்டும் கடைசிக்கு விட்டு வைப்பேன். நின்று பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கும் கேடி வேலை செய்தவர்கள் இந்த ஆட்டத்துக்கு வந்தபோது யார் நம்பினார்கள்? பெங்களூர் முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் வென்ற செய்தி வந்த அன்று, உன் அப்பா பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நடந்தார். நீ பணத்துக்கு ஆடும் புரோ ஆனபோது வந்த படமும் அந்தப் பச்சைப் பெட்டியில்தான் இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார். செல்வியின் குழந்தைக்குக் காது குத்தியபோது மாமன் மடியில் உட்கார்த்த மாமன் வரவில்லை, அதற்கும் அந்தப் படத்தைத்தான் காட்டினார்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். மாட்டுப் பொங்கல் அன்று மாலையில் தனியாகப் போய் நான்காம் குழியில் அடித்தாய். மறுநாள் காலையில் நான்தான் வாரினேன். எல்லாம் குழி. முப்பது, நாற்பது குழி. ஒன்றுகூடச் சாண் நீளம் இல்லை. பந்துக்கு ஒரு முழம் பின்னாலேயே இறங்கி, அங்கேயே நின்றுபோன குழிகள். யாரும் பார்ப்பதற்கு முன் சமன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ காபி குடித்துக்கொண்டிருந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

முருகேசன் மாமா மகன் சொன்னதை முழுவதும் சொல்லிவிடுகிறேன். பந்து மணலின் மேலே அழகாக உட்கார்ந்திருந்ததாம். புதையவும் இல்லை, கரையில் ஒட்டவும் இல்லை. நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஆட முடியாத பந்து என்று சொல்லி, கணக்கில் இரண்டு அடி கூடும் பெனால்டி வாங்கிக்கொண்டு வெளியே எடுத்துப் போட்டாயாம். 2019-இல் வந்த அந்த விதி, கரைக்கு அடியில் மாட்டிக்கொண்டவனுக்காக வந்தது. கிரீன் ஓரத்திலும் இரண்டு நாளும் ஒரு சிப்கூட அடிக்காமல் புல்லிலிருந்தே உருட்டும் மட்டையான பட்டரால் தள்ளினாயாம். அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் நானும் சொல்லவில்லை.

இது உனக்கு மட்டும் வந்தது இல்லை. நீ சுவரில் ஒட்டி வைத்திருந்த டைகர் உட்ஸுக்கே வந்தது. 2015-இல் ஃபீனிக்ஸ் போட்டியில், பள்ளிப் பிள்ளை அடிக்கும் சிப்பைக்கூட அடிக்க முடியாமல் குறைவாக அடிப்பவன் ஜெயிக்கும் ஆட்டத்தில் இரண்டாம் நாள் 82 அடி எடுத்தார். அன்று அதைப் பார்த்துவிட்டு நீ சாப்பிடாமல் படுத்தாய். 2019-இல் அவர் மறுபடி மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற இரவில் என்னை எழுப்பிச் சொன்னதும் நீதான். முகத்தை முதலில் திற, பிறகு கையை வை. பந்தே வேண்டாம், மணலில் ஒரு கோடு கிழித்துவிட்டு அந்தக் கோட்டை மட்டும் அடி. நூறு முறை கோடு, பிறகு ஒரு பந்து.

இதை எழுதிக்கொண்டே போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

உன் பதிமூன்றாம் வயது ஜூனியர் போட்டி. பதினான்காம் குழியின் இடது பங்கர். ஒரே ஒரு அடியில் தோற்றாய். பந்து ஒரு காலடித் தடத்தில் விழுந்தது. தடத்தில் விழுந்தாலும் கிடந்தபடியே ஆட வேண்டும் என்பது விதி, நீ ஆடினாய், வெளியே வர மூன்று அடி ஆனது. முன்னால் போன பையன்களில் எவனோ வாராமல் போய்விட்டான் என்று எல்லோரும் பேசினார்கள். பையன்கள் யாரும் இல்லை கண்ணு. அது என் தடம். என் ரப்பர் செருப்பின் குதிகால். காலையில் அந்தப் பங்கரில் பாதி வாரிக்கொண்டிருந்தேன். மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள். முதல் அடியை நீ அடிப்பதைப் பார்க்க ரேக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மேஸ்திரி ஒன்பதாம் கிரீனில் களை எடுக்க அனுப்பிவிட்டார். மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அன்று மாலையில் அப்பா உன்னை மணலில் நிற்கவைத்து இருநூறு பந்து அடிக்கச் சொன்னார். மணலைக் கண்டு பயப்படுகிறவன் இந்த ஆட்டத்துக்கு ஆக மாட்டான் என்று நான்கு பேர் முன்னால் சொன்னார். நான் ரேக்கோடு பத்தடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. கூலி போய்விடும் என்று பயம், உன் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம், உன் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். இரவில் உன் கைக் கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தேன். "நான்தான் கையை அவசரப்படுத்திவிட்டேன் அம்மா" என்று நீ சொன்னாய். அதற்கும் தலையாட்டினேன்.

உன் கை அன்று சரியாகத்தான் இருந்தது. அந்த மூன்று தழும்புகளையும் மாலையில் நான்தான் மூடினேன், அதனால் தெரியும். மூன்றும் சாண் நீளம். குதிகால் பள்ளத்துக்குள் கிடந்த பந்தை எந்தக் கையாலும் எடுக்க முடியாது.

அப்பாவிடம் இன்று இரவு சொல்லப்போகிறேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகு அவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. நீ என்ன சொல்வாயோ, அதுவும் தெரியவில்லை. கோபம் இருந்தால் போனில் கோபப்படு, எடுக்காமல் மட்டும் இருக்காதே. என் போனில் இப்போது சரியாகக் கேட்பதில்லை, செல்வியின் எண்ணுக்குக் கூப்பிடு, எட்டு மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன்.

திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது, மைதானத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிறு இரவு பஸ் ஏறினால் விடியும்போது இங்கே இருக்கலாம். பதினான்காம் குழியின் இடது பங்கரைச் சுத்தமாக வாரி வைக்கிறேன்.

பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் சொல், அரைத்து வைக்கிறேன்.

அம்மா