வைக்கோலுக்குத் தீ வைக்கும் முன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட விவசாயக் குழுக்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் எங்கள் வயல் வட்டையில் மெசின் போன தடமெல்லாம் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். நாலு நாள் வெயில் பட்டதும் யாராவது நெருப்பு வைப்பார்கள். பின்னேரம் வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுக்கப் புகை. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் போனாலும் இதே கதைதான். கொளுத்துகிறவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அடுத்த போகத்துக்கு உழ வேண்டும்; அள்ள ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. அவர் வேறென்ன செய்வார்?

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். ஒரு நாள் பிள்ளைகளோடு நெல் தண்டொன்றை பிளேட்டால் மெல்லிசாகச் சீவி, புளோரோகுளூசினோலும் ஐதரோகுளோரிக் அமிலமும் ஒவ்வொரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்டின் வெளி ஓரமும் உள்ளேயிருந்த கலன்கட்டுகளும் செக்கச்செவேலென்று சிவந்தன. இடையிலிருந்த மென்மையான கலங்கள் வெளிறியே இருந்தன. சிவந்த இடமெல்லாம் இலிக்னின், தண்டை விறைப்பாக்கும் பொருள். "மிஸ், இதைத்தானா மாடு செமிக்க ஏலாமல் சாணியோட விடுது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

அதேதான். எங்கள் பழைய மண் வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். வரிச்சு, அதைக் கட்டின கயிறு, மேலே அப்பின களிமண். புல்லின் கலச்சுவரும் அப்படித்தான். வரிச்சு செலுலோசு; அது முழுக்கக் குளுக்கோசுச் சங்கிலி. கயிறு ஹெமிசெலுலோசு. களிமண் இலிக்னின். நெல், சோளம், கரும்பு, இலுக்கு எல்லாமே புற்கள்தான். புற்களில் இன்னொரு சங்கதியும் உண்டு: ஃபெரூலிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறு கயிற்றையும் களிமண்ணையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறது. கரும்பில் சாறு பிழிந்தால் சீனி கையில் வந்துவிடும். வைக்கோலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செலுலோசு இருந்தும், களிமண் விலகாமல், செலுலோசை உடைக்கும் நொதியத்தால் வரிச்சைத் தொட முடியாது. நொதியம் தொட்டால்தான் குளுக்கோசு, அப்புறம்தான் அதைப் புளிக்க வைக்கும் மதுவம், அப்புறம்தான் எரிபொருளாகும் எதனோல்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை நம்முடைய வைக்கோலை எரிசோடாவில் அவித்துத்தான் கூழ் எடுத்தது. இலிக்னினைப் பிரிக்கிற வேலை நம் ஊரிலேயே நடந்திருக்கிறது.

2022இல் டீசல் கானோடு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால்தான் உயிர் எரிபொருள் என்று யாராவது சொன்னால் காது கொடுக்கிறோம். ஆனால் எரிபொருள் புல் வளர்க்க மேய்ச்சல் தரையைக் கேட்டு வருகிறவர்களுக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். புல் வைக்கோலாய் நம்மிடமே இருக்கிறது. இலிக்னின் குறைந்த ரகம் என்று சொல்வார்கள். அப்படி ரகங்கள் இருப்பது உண்மை. இலிக்னின் குறைந்து இலையின் நடு நரம்பு கபிலமான சோளச் செடியை 1920களிலேயே அமெரிக்காவில் கண்டார்கள். ஆனால் செடியை நிமிர்த்தி வைப்பதும், தண்ணீர் ஏறும் குழாய் நொடிந்துபோகாமல் காப்பதும் இலிக்னின்தான். எரிபந்தம் போன்ற பூஞ்சண நோய்கள் உள்ளே நுழையாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. மாரி மழையில் சாய்ந்த வேளாண்மையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

வைக்கோல் முழுவதையும் அள்ளிக் கொடுப்பதும் பிழை. நெல் உறிஞ்சும் பொற்றாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. கொளுத்தினால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாய்ப் போய்விடுகிறது. 2021இல் பசளைக்கு அலைந்த நாம் அதை வானத்துக்கு அனுப்புகிறோம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மாட்டிலிருந்து. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால், அதிலிருந்து வரும் அமோனியா அந்த ஃபெரூலிக் தையலை அவிழ்க்கும். மாடு கூடுதலாகத் தின்னும், கூடுதலாகச் செமிக்கும். எதனோல் ஆலைக்காக வைக்கோலைப் பதப்படுத்தும் முறைகளில் ஒன்றும் இதே அமோனியாதான். அங்கே அழுத்தமும் சூடும் சேரும்.

போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்கும், தண்ணீர் திறப்பதற்கும், வட்டையிலிருந்து மாடு அகற்றுவதற்கும் நாள் குறிக்கிறீர்கள். வருகிற கூட்டத்தில் வைக்கோலையும் ஒரு விடயமாகச் சேருங்கள். மாவட்டத்துக்கு ஒரு வட்டையை எடுத்து, ஒரு போகத்துக்காவது கட்டுக் கட்டும் மெசினை வாடகைக்குப் பிடித்துத் தாருங்கள். பாதி வயலிலேயே உக்கட்டும். மிச்சத்தில் பெரும்பங்கு பண்ணையாளருக்குப் போகட்டும். சில கட்டுகளை வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, நம் நெல் ரகங்களின் வைக்கோலில் இலிக்னின் எவ்வளவு, எதனோல் எவ்வளவு தேறும் என்று அளந்து தரச் சொல்லுங்கள். தண்டு சீவ என் வகுப்புப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை